கழற்றிக் கொடுக்க முடியாத மழைக்கோட்டு

எனக்குப் பொறுமை கிடையாது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். புடவைக் கடையில் முதலில் விரிக்கிற புடவையையே எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறவள் நான். அதனால் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் ஆயுளில் ஒரே ஒரு சாமானை மட்டும், கடைக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிடும் அளவுக்குச் சோதித்துப் பார்த்து வாங்கினேன். அது அவருக்கு வாங்கிய மழைக்கோட்டு.

அப்போது எங்கள் வீடு தவளக்குப்பத்தில். வேலை இரண்டு பேருக்கும் புதுச்சேரிப் பட்டணத்தில். அவர் ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு டீச்சர். கடலூரிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊருக்கு வரும்போதே படிக்கட்டில் ஆள் தொங்கும்; மழை நாளில் நிற்கவே நிற்காது. எனவே சைக்கிள்தான். அவர் மிதிப்பார். நான் பின்னால் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கையும் இன்னொரு கையில் அவர் சட்டையையும் பிடித்துக்கொள்வேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் மூன்று நான்கு மழைக்காலம் ஆகியிருந்தது. கொடிதான் மாறியதே தவிர, போலீஸ்காரர் தலையில் அதே சிவப்புத் தொப்பி, வாயில் அதே அதட்டல். சைக்கிளில் இரண்டு பேர் போகக் கூடாது. அரியாங்குப்பத்தில் ஒரு போலீஸ்காரர் நிற்பார், முருங்கப்பாக்கத்தில் இன்னொருவர். அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் இறங்கி, இந்த சைக்கிளுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நடந்துபோய், அவர்கள் தலை மறைந்ததும் ஏறிக்கொள்வேன். அந்த ரோட்டில் டபுள்ஸ் போகிற எல்லோரும் அப்படித்தான். போலீஸ்காரருக்கும் அது தெரியும். இறங்குகிற மரியாதையைக் கொடுத்துவிட்டால் அவர் ஒன்றும் கேட்க மாட்டார்.

என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஊருக்கெல்லாம் இருமல் மருந்து கலக்கிக் கொடுக்கிறவருக்குச் சொந்த நெஞ்சு சரியில்லை. வெயில் காலத்தில் ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். ஐப்பசி பிறந்தால்தான் தொல்லை. ஒரு கார்த்திகையில் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தவர், தலையணைகளை அடுக்கி அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே பல நாள் கிடந்தார். ஒவ்வொரு மூச்சையும் யாரிடமோ கெஞ்சி வாங்குவதுபோல் வாங்கினார். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முதுகும் நெஞ்சும் நனையவே கூடாதும்மா. இன்னொரு தடவ இப்படி வந்தா என்னால காப்பாத்த முடியுமான்னு தெரியல" என்றார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஐப்பசி வந்தது. வயல் வேலைக்குப் போகிறவர்கள் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு போனார்கள். அதையே போட்டுக்கொள்கிறேன் என்றார் இவர். நனைந்த சாக்கு முதுகில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? முதல் மழைக்கு மருந்துக்கடை முதலாளியின் பழைய ரப்பர் கோட்டைக் கேட்டு வாங்கிவந்து, நானே அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். நோணாங்குப்பம் தாண்டியதும் மழை வலுத்தது. மனுஷர் சைக்கிளை நிறுத்தினார். இறங்கினார். கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார்.

"டீச்சர் நனஞ்சி போயி நின்னா பசங்க சிரிக்கும்" என்றார்.

நடு ரோட்டில் நின்று கத்தினேன். திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றதுதான் மிச்சம். கடைசியில் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். நல்லவேளை, அன்றைக்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. எப்பேர்ப்பட்ட கோட்டு வாங்கினாலும் இந்த ஆள் அதைக் கழற்றி எனக்குத்தான் கொடுப்பார். கழற்றிக் கொடுக்க முடியாத கோட்டு எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

அந்த வாரமே அவரை இழுத்துக்கொண்டு பெரிய கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு குடைக்கடைக்குப் போனேன். சைகோனில் பல காலம் இருந்துவிட்டு வந்த குடும்பத்தார் நடத்தியது. கடைக்காரர் எல்லா ஆண்களையும் முசியே என்பார், எல்லாப் பெண்களையும் மதாம் என்பார். காலில் செருப்பில்லாமல் போனாலும் நாம் மதாம்தான். மூன்று நான்கு கோட்டுகளை எடுத்துப் போட்டார். எல்லாம் பிரான்சு சரக்கு என்றார். இவர் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்று முன்னும் பின்னும் திரும்பினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"சைக்கிள உள்ள கொண்டாரலாமா?" என்று கேட்டேன்.

"சைக்கிள் எதுக்கு மதாம்?"

"இவுரு நின்னுக்கிட்டா வேலைக்குப் போறாரு? உக்காந்து மிதிச்சிக்கிட்டுப் போறாரு. உக்கார வச்சிப் பாத்தாதான தெரியும்?"

கடைக்குப் பின்னால் பூந்தொட்டிகள் வைத்த ஒரு முற்றம் இருந்தது. சைக்கிளை அங்கே கொண்டுபோய் ஸ்டாண்டு போட்டு, அவரை ஏற்றி உட்காரவைத்து, மிதிக்கச் சொன்னேன். தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பூவாளி கிடந்தது. அதில் தண்ணீர் மொண்டு அவர் தலைமேல் ஊற்றினேன். கடைக்காரர் "மோன் தியே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். கடவுளே என்று அர்த்தம்.

நின்றபோது முழங்காலைத் தாண்டித் தொங்கிய ரப்பர் கோட்டு, உட்கார்ந்ததும் தொடைக்கு ஏறிக்கொண்டது. வழிந்த தண்ணீர் எல்லாம் மடியில் வந்து குளம் கட்டி, பொத்தான் சந்து வழியாக உள்ளே இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் மிதிக்கவிட்டுக் கழற்றச் சொல்லி முதுகைத் தொட்டுப் பார்த்தேன். வெளித் தண்ணீர் உள்ளே போகவில்லை, உள் வேர்வை வெளியே போகவில்லை. சட்டை பிழிகிற ஈரம். இதற்கு மழையிலேயே நனையலாம். அடுத்தது கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த ஜோடி. கால்சட்டைக் குழாய் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டபின் நான் அவர்முன் போய் நின்று, "எனக்குக் குளிருது" என்றேன். வாயை மூடுவதற்குள் மளமளவென்று பொத்தான்களைக் கழற்றிக் கோட்டை என் பக்கம் நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"பாத்தீங்களா? இது வேணாம்" என்றேன் கடைக்காரரிடம்.

அவருக்கு நான் என்ன தேடுகிறேன் என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். உள்ளே போய் உயரத்திலிருந்து ஒரு மூட்டையை இறக்கிக்கொண்டு வந்தார். கருநீலத்தில் கெட்டித் துணி, மெழுகு பூசியது. கையும் இல்லை, பையும் இல்லை. தலையை விட ஒரு ஓட்டை, மேலே ஒரு முக்காடு, கழுத்தில் ஒரே ஒரு கொக்கி. "பெலரின், மதாம். பிரான்சுல போலீசுக்காரங்க சைக்கிள் விடும்போது இதத்தான் போடுவாங்க, இங்கயும் முன்னாடி போட்டாங்க" என்றார். முன்பக்கத்தை ஹாண்டில்பார்மேல் இழுத்துவிட்டால் உள்ளே கைகளை மாட்டிக்கொள்ள இரண்டு வார்கள் இருந்தன. மடியில் தண்ணீர் தேங்க வழியில்லை; சரிந்து ரோட்டில் விழும். கீழே திறந்திருப்பதால் காற்றும் வந்துபோகும். பின்பக்கம் கேரியரையும் தாண்டித் தொங்கியது.

நான் பின்னால் போய் அதைத் தூக்கி உள்ளே நுழைந்து கேரியரில் உட்கார்ந்துகொண்டேன். "ஊத்துங்க!" என்று உள்ளிருந்து கத்தினேன். கடைக்காரர் முழுப் பூவாளியையும் ஊற்றினார். மேலே படபடவென்று சத்தம். என் பாதங்களைத் தவிர வேறெங்கும் ஒரு சொட்டு இல்லை. இருட்டில் என் கன்னம் அவர் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் மிதித்துக்கொண்டிருந்தார், மூச்சு சீராக வந்துபோனது. இதை அவர் எப்படிக் கழற்றிக் கொடுப்பார்? போட்டிருக்கிறவரே எனக்கும் கூரை.

"இதுதான்" என்றேன். கடைக்காரர் கும்பிட்டது அப்போதுதான்.

தவளக்குப்பத்தில் அதற்குக் கூடாரம் என்று பெயர் வைத்தார்கள். ரோட்டிலோ வேறு கூத்து. மழைப் புகையில் கருநீல முக்காடு போட்ட ஒரு ஆள் சைக்கிளில் வருவதைப் பார்த்தால் யாருக்கும் போலீஸ் நினைப்புத்தான் வரும். எதிரே டபுள்ஸ் வருகிறவர்கள் எல்லாம் தொப்பென்று குதித்து இறங்கினார்கள். மீன் கூடையோடு பின்னால் உட்கார்ந்துவந்த ஒரு அம்மா இறங்கி, வண்டிக்கும் தனக்கும் சம்பந்தமில்லாமல் நடந்ததாம். இவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நானே டபுள்ஸ்தான் போறேன், ஏறிக்கம்மா" என்று கத்திச் சொல்வார். அரியாங்குப்பத்தில் நிஜப் போலீஸ்காரர் முதலில் சலாம் வைத்துவிட்டார். பிறகு, "பின்னாடி ரெண்டு காலு தொங்குதே, அது யாருது?" என்றார்.

"எஞ் சம்சாரங்க."

போலீஸ்காரர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார். "மழ பேஞ்சா எனக்குக் கண்ணு சரியா தெரியாது. போங்க" என்றார். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் மனம் நிறைகிறது.

உள்ளே உட்கார்ந்திருக்கிற எனக்கு வழி தெரியாது. அதனால் அவர்தான் சொல்லிக்கொண்டு வருவார். "இப்ப கோயில் கொளம். தவள கத்துது, கேக்குதா? இப்ப டீக்கட. ஒருத்தன் பன்ன நனைக்காம திங்கறான், பாவம். இப்ப எதுர்ல ஒரு யான சைக்கிள்ல வருது."

"யானையும் டபுள்ஸா?"

"இல்ல டீச்சர், நம்மளப் பாத்து எறங்கிடிச்சி."

நான் கன்னத்தை அவர் முதுகிலிருந்து எடுக்கவே மாட்டேன். சிரிப்பதுபோல் இருப்பேன், காது அவர் மூச்சில்தான் இருக்கும். பேச்சு நீளமாக வந்தால் மூச்சு நன்றாக இருக்கிறது. துண்டு துண்டாக வந்தால் இல்லை. டாக்டரிடம் இருந்த குழாய் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நல்ல கோட்டாகப் பார்த்து வாங்கினாய் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொள்வேன்.

நோணாங்குப்பம் பாலம் வந்தால் மட்டும் அவர் சொல்வார்: "பாலம் வந்திடிச்சி. இனிமே ஒன் மொற. பள்ளிக்கூடத்துல நேத்து என்னா நடந்துது, சொல்லு." நானும் ஆரம்பித்துவிடுவேன். எந்தப் பிள்ளை எதைத் தின்றது, எது அழுதது, தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து என்ன சொன்னார், நான் மனதுக்குள் என்ன சொன்னேன், எல்லாம். ஆற்றுக் காற்று கூடாரத்தைப் பிடித்துத் தூக்கும். நான் இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு மேலே கத்திக் கத்திப் பேசுவேன். பாலம் இறங்கி அரியாங்குப்பம் வந்தபிறகு அவர் மறுபடி ஆரம்பிப்பார். என் கதைகளை இத்தனை ஆசையாகக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

கார்த்திகையில் ஒரு நாள் எனக்கு அவர்மேல் கோபம். குடைக்கடையில் பூவாளியால் அவரைக் குளிப்பாட்டிய கதையை மருந்துக்கடையில் எல்லோருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி எங்கள் தலைமை ஆசிரியை வரைக்கும் வந்துவிட்டது. ஆசிரியைகள் எல்லாம் என்னைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி கையைக் காட்டினார்கள். மறுநாள் காலையில் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தட்டை வைத்தேன், தூக்கை எடுத்தேன், கூடாரத்துக்குள் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். யானையைக்கூடக் கொண்டுவந்தார். நான் அசையவில்லை.

"பாலம் வந்திடிச்சி. ஒன் மொற."

பேசவில்லை. சைக்கிள் ஏற்றத்தில் ஏறியது. காற்று அடித்தது. கூடாரத்துக்குள் முதல்தடவையாக அந்தப் பாலத்தில் யாரும் பேசவில்லை. அப்போதுதான் எனக்குக் கேட்டது. அவர் முதுகுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிய சத்தம். ஒரு மிதிக்கு ஒரு தடவை. இரண்டு மூன்று மிதிக்கு ஒரு தடவை மூச்சு நின்று, பிறகு பிய்த்துக்கொண்டு வந்தது.

சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே குதித்துவிட்டேன். தூக்கு உருண்டுபோய்ச் சோறு பாலமெல்லாம் இறைந்தது. அவர் காலை ஊன்றி நின்று, முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தார்.

"என்னா... எறங்கிட்ட? நனையிற பாரு."

"எத்தினி நாளா இப்புடி இருக்குது?"

"பாலத்துல மட்டுந்தான். எதுர்க்காத்து. கீழ எறங்கினா... சரியாயிடும்."

"அதான் பாலம் வந்தா என்னப் பேசச் சொன்னீங்களா?"

அவர் கொக்கியைக் கழற்றப் போனார், அதையும் எனக்குப் போர்த்துவதற்கு. "கழட்டினீங்கன்னா ஆத்துல தூக்கி எறிஞ்சிடுவேன்" என்றேன். அழுகையும் மழையும் சேர்ந்து என் முகம் எப்படி இருந்ததோ, கையை எடுத்துவிட்டார். கோட்டைக் கொடுக்க முடியாதபடி பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். மனுஷர் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தை நடந்து கடந்தோம். பாதிப் பாலத்தில் அவர், "நீ பேசிக்கிட்டு வந்தா ஏத்தமே தெரியாது டீச்சர். சும்மா சொல்லல" என்றார். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு வருஷத்துக்கு முன் என்னிடம் சொன்னதையும் இவரிடம் சொல்லிவிட்டேன். "அப்பிடியா" என்றார். அவ்வளவுதான். அந்தக் கார்த்திகை முடியும்வரை அவரை வீட்டைவிட்டு இறங்கவிடவில்லை. நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

வெயில் வந்ததும் நான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். பட்டணத்தில் கடற்கரை வீதிப் பக்கம் பெண்கள் சைக்கிள் விடுவது சாதாரணம். தவளக்குப்பத்தில் நான்தான் முதல். அறுப்பு முடிந்த வயலில் அவர் கேரியரைப் பிடித்துக்கொள்ள, நான் விழுந்தேன், எழுந்தேன், அவர் சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டினேன், மறுபடி விழுந்தேன். பழைய சைக்கிளைக் கொடுத்துவிட்டு, நடுவில் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளாக மாற்றிக்கொண்டோம். பின்னால் உட்கார அவர் முதலில் தயங்கினார்.

"ஊரு சிரிக்கும் டீச்சர்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் எவனும் ஒங்களுக்கு மூச்சு வாங்கித் தரப்போறதில்ல."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. அவரோ டீக்கடையில் போய், "நாங்க டிரைவர் வச்சிருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஐப்பசியின் முதல் மழை. கூடாரத்தின் ஓட்டையில் இந்தத் தடவை என் தலை. அவர் பின்னால் புகுந்து உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். எதிரே டபுள்ஸ் வந்த இரண்டு பேர் வழக்கம்போல் குதித்து இறங்கினார்கள். முக்காட்டுக்குள் பொட்டும் பூவுமாக என் முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். நான் கோயில் குளத்தைச் சொன்னேன், டீக்கடையைச் சொன்னேன். யானையை மறக்கவில்லை. மிதிக்க மிதிக்கக் கால் கடுத்தது. கன்னம் ஒன்று என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது.

"பாலம் வந்திடிச்சி. ஒங்க மொற" என்றேன்.

"நேத்து கடைக்கு ஒரு மதாம் வந்திச்சி டீச்சர், கையில கிளிக்கூண்டு, என்னாம்மான்னு கேட்டா கிளிக்கு இருமலு மருந்து குடுங்கறா, கிளி இருமுமான்னு நான் கேக்க, இருமுது நீயே கேளுன்னு கூண்டத் தூக்கி எங் காதுகிட்ட வைக்க, பாத்தா அந்தம்மாவுக்குத்தான் இருமலு, கிளி அதக் கேட்டுக் கேட்டு அதே மாதிரி இருமக் கத்துக்கிச்சி, நான் கிளிக்கு ஒரு பாட்டிலு அந்தம்மாவுக்கு ஒரு பாட்டிலுன்னு கலக்கிக் குடுத்துட்டு..."

எதிர்க்காற்று கூடாரத்தைத் தூக்கியது. பின்னாலிருந்து இரண்டு கைகள் அதை இழுத்துப் பிடித்தன. பேச்சு நிற்கவில்லை. பாலம் ஏறி, நடுவில் வந்து, இறங்கும்வரை அவர் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது எனக்குத்தான்.